ஏற்காடு ஏறினால் உயிரினம் கூடுமா, குறையுமா?

பிப்ரவரி 9 (வாசகர் ஒருவரின் கேள்வி)

என் மகள் பிளஸ் டூ படிக்கிறா. மலையில மேல போகப் போக உயிரின வகைகள் குறையும்னு மனப்பாடம் பண்ணிட்டிருக்கா. நாங்க சேலம் கோரிமேடு. மொட்டை மாடியில நின்னு பார்த்தா அடிவாரத்துல முள்ளுக்காடு, மேல பச்சைப் பசேல்னு இருக்கு. அப்புறம் எப்படிங்க குறையும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பிப்ரவரி 10, இரவு

குறையும். ஒரு மார்க் கேள்வி என்றால் அதுதான் விடை. கண்ணை மூடிக்கொண்டு எழுதச் சொல்லுங்கள்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குளிரும். சேலம் 280 மீட்டர் வாக்கில் இருக்கிறது, ஏற்காடு 1,500ஐ ஒட்டி. எட்டு டிகிரி வித்தியாசம். குளிர் கூடக்கூடத் தாக்குப்பிடிக்கிறவை குறையும். 1802இல் ஹும்போல்ட், போன்பிளான் என்ற இரண்டு இயற்கை ஆராய்ச்சியாளர்கள் ஈக்வடாரில் சிம்போராசோ மலையில் ஏறினார்கள். எந்தச் செடி எந்த உயரத்தில் வளர்கிறது என்பதை ஹும்போல்ட் ஒரு மலைப் படத்துக்குள்ளேயே எழுதி 1807இல் அச்சிட்டார். கீழே பனை, அதற்கு மேலே காடு, அப்புறம் புல், பாசி, கடைசியில் வெறும் பனி.

பச்சையாக இருப்பது வேறு, பல வகை இருப்பது வேறு. நெல் வயலும்தான் பச்சை.

பிப்ரவரி 11, ஞாயிறு

நேற்று பெரிதாகப் பேசிவிட்டேன், தூக்கம் வரவில்லை. மொட்டை மாடி ஆசாமி கேட்டதில் நியாயம் இருக்கிற மாதிரியே பட்டது. ஜெராக்ஸ் கடைக்கு ஞாயிறு லீவு. ஐந்தே முக்காலுக்கு அஸ்தம்பட்டியில் டீ குடித்துவிட்டு ஸ்பிளெண்டரை எடுத்தேன்.

போனில் உயரம் காட்டும் ஆப் இருக்கிறது. 300 மீட்டர் காட்டிய இடத்தில் ஒரு நிறுத்தம், 700இல் ஒன்று, 1,400இல் ஒன்று. ஒவ்வொரு இடத்திலும் பத்தடி தள்ளிக் காட்டுக்குள் நின்று, கண்ணில் பட்ட மரம், செடி, பறவை, ஓணான் எல்லாவற்றையும் நாற்பது பக்க நோட்டில் ஒரு வரிக்கு ஒன்றாக எழுதினேன். பெயர் தெரியாததை "கரும்பச்சை இலை, விளிம்பு ரம்பம்" என்று குறித்துவைத்தேன்.

அடிவாரத்துக்கு அரைப் பக்கம். உசிலை, சதுரக்கள்ளி, காரை, சீமைக்கருவேலம், கௌதாரிச் சத்தம், செம்புழைச் சின்னான், தவிட்டுக் குருவிக் கூட்டம்.

நடுவில் ஒன்றரைப் பக்கம்! கீழே இருந்த உசிலை இங்கேயும் இருக்கிறது, கூடவே வேங்கை, வெக்காளி, கடுக்காய், மூங்கில், பாறை இடுக்கில் பெரணி. வால்காக்கையும் மாம்பழச்சிட்டும் குக்குறுவானும் ஒரே மரத்தில்.

மேலே முக்கால் பக்கம். சில்வர் ஓக், காபி, மிளகுக் கொடி, பலா, நாவல், செம்மீசைச் சின்னான், பெயர் தெரியாத பாசிகள் சில.

கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. நடுவில் தொப்பை போட்டிருக்கிறது மலை. நேற்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

இன்னொன்று. மலை உச்சியில் இருக்கும் சேர்வராயன் கோயில் வரைக்கும் போனேன். எல்லோரும் 5,326 அடி, அதாவது 1,623 மீட்டர் என்கிறார்கள். என் போனில் 1,530தான். சுற்றுலாவுக்காக ஏற்றிச் சொல்கிறார்கள் போல.

பிப்ரவரி 12

ஒருவர் கேட்டிருக்கிறார்: "நடுவில் எவ்வளவு நேரம் நின்றீர்கள்?"

இருபது நிமிஷம் என்று எழுதப் போனேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. 700இல் வண்டி சூடாகி நின்றுவிட்டது. அது ஆறுகிற வரை பாறையில் உட்கார்ந்து வீட்டில் கட்டிக்கொடுத்த இட்லியைச் சாப்பிட்டேன். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அடிவாரத்தில் சரியாக வெளிச்சம்கூட வரவில்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது பத்தரை மணி, கார்கள் வரிசையாக நிற்கின்றன, ஹாரன், பஜ்ஜிக் கடை வாசனை. எந்தக் குருவி எட்டிப் பார்க்கும்?

ஆக, நான் எண்ணியது மலையை இல்லை, என் இட்லியை.

பிப்ரவரி 18

இந்தத் தடவை தலைகீழாக. சனி இரவு மேலே சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு, விடியும்போது 1,400இல் நின்றேன். அலாரம் வைத்து இருபது நிமிஷம், ஒரு நிமிஷம்கூட அதிகமில்லை. பிறகு 700, பிறகு 300.

மேலே ஒரு பக்கத்துக்கு வந்துவிட்டது. கீழேயும் முக்கால் பக்கம். நடு இன்னும் முன்னால்தான், ஆனால் தொப்பை வற்றிவிட்டது. ஒன்றேகால் பக்கம் சொல்லலாம்.

இதே சங்கடம் பெரியவர்களுக்கும் வந்திருக்கிறது என்று தெரிந்ததும் மனசு கொஞ்சம் ஆறியது. மேலே போனால் சீராகக் குறையும் என்று ரொம்ப காலம் பாடமாகவே இருந்ததாம். 1995இல் கார்ஸ்டன் ராபெக் என்ற சூழலியல் ஆய்வாளர் பழைய ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்தார். பல ஆய்வுகளில் எல்லா உயரத்திலும் ஒரே அளவுக்குத் தேடியிருக்கவில்லை. ஒவ்வொரு உயரத்திலும் நிலப்பரப்பு எவ்வளவு என்பதையும் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டையும் சரிசெய்தால் நடுவில் மேடு தெரிவதுதான் அதிகம் என்றார். அவருக்கு இட்லி விஷயம் தெரிந்திருக்காது, ஆனால் புரிந்திருக்கும்.

பிப்ரவரி 20

"நடுவில் ஏன் கூடணும்?" என்று கேட்பவர்கள், வீட்டு விளக்குமாற்றிலிருந்து முப்பது ஈர்க்குச்சி உருவிக்கொள்ளுங்கள். நீளத்தில் பாரபட்சம் பார்க்காமல் ஒடியுங்கள், விரல் நீளம், சாண் நீளம், அடி நீளம் என்று. செவ்வகமாக ஒரு பெட்டி மூடி, ஏ3 பேப்பர் வரும் மூடி சரியாக இருக்கும். அதற்குள் குச்சிகளை நீளவாக்கில் அங்கங்கே போடுங்கள். எந்தக் குச்சியும் மூடிக்கு வெளியே நீளக்கூடாது. இப்போது மூடிக்குக் குறுக்கே ஒரு நூலை வைத்து, எத்தனை குச்சி நூலுக்கு அடியில் போகிறது என்று எண்ணுங்கள். ஓரத்தில் நாலைந்து வரும். நடுவில் எக்கச்சக்கம்.

நீளக் குச்சிக்கு நடுவைத் தொடாமல் படுக்க இடமே இல்லை. விஷயம் அவ்வளவுதான். குச்சி என்பது ஒரு இனம் எவ்வளவு தாழ்விலிருந்து எவ்வளவு உயரம் வரை வாழும் என்பது. மூடியின் ஒரு ஓரம் அடிவாரம், மறு ஓரம் உச்சி. காலநிலை, உணவு எதையும் பேசாமலே நடுவில் மேடு வந்துவிடும். 1990களில் ராபர்ட் கோல்வெல் என்ற சூழலியல் ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் இதைத்தான் கணக்காக எழுதினார்கள்.

வீட்டில் விளக்குமாறு பாதியாகிவிட்டது. "கூட்டத் துப்பில்ல, கணக்கெடுக்க மட்டும் தெரியுது" என்று அர்ச்சனை.

பிப்ரவரி 20, சற்றுக் கழித்து

ஒரு ஓட்டை இருக்கிறது. மூடிக்கு இரண்டு ஓரமும் சுவர். நம் சேர்வராயன் மலைக்கு மேல் ஓரம் சுவர்தான், அதற்கப்புறம் ஆகாயம். கீழ் ஓரம் சுவரா? உசிலையும் கௌதாரியும் அடிவாரத்தோடு நிற்கவில்லையே. ஓமலூர், சங்ககிரி, ஈரோடு என்று இன்னும் தாழ்ந்த நிலத்துக்கும் போகின்றன. அப்படியானால் நம் மலை ஒரு முழு மூடி இல்லை. ஒரு பக்கம் உடைந்த மூடி. ஈர்க்குச்சி வித்தை பாதிதான் பொருந்தும்.

மார்ச் 3

வாழவந்திப் பக்கத்து நண்பர் ஒரு வாதம் வைத்தார். மலை கூம்பு மாதிரி, மேலே போகப் போக இடம் குறுகும், இடம் குறைந்தால் வகையும் குறையும்.

பொதுவாகச் சரி. பரப்பு பெரிதானால் வகை கூடும், அதில் தகராறில்லை. ஆனால் அண்ணே, நீங்கள் குடியிருக்கிற மலையே கூம்பு இல்லையே. ஏற்காட்டை அண்டாவைக் கவிழ்த்துவைத்த மாதிரி நினைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் செங்குத்து, இருபது கொண்டை ஊசி வளைவில் சரசரவென்று ஏறிவிடுகிறோம். மேலே போனால் மேடும் பள்ளமுமாக மைல்கணக்கில் பரந்த நிலம், ஏரி, ஊர், எஸ்டேட். இடம் குறைவாக இருப்பது நடுச் சரிவில்தான். அந்தக் குறைந்த இடத்தில்தான் என் நோட்டுப் பக்கம் நிறைந்தது.

உலகம் முழுக்க 182 மலைத்தொடர்களை அளந்து 2015இல் ஒரு ஆய்வு வந்தது. அதில் மூன்றில் இரண்டு பங்குத் தொடர்களில் நிலப்பரப்பு கூம்பு மாதிரி சீராகச் சிறுக்கவே இல்லையாம். கூம்பு என்பது நாம் பள்ளிக்கூடத்தில் வரைந்த முக்கோண மலை. இரண்டு முக்கோணம், நடுவில் சூரியன், கீழே ஒரு ஆறு.

இன்னொரு தலைவலி. மேலே நான் எண்ணியது மலையின் கணக்கா, எஸ்டேட்டின் கணக்கா? 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தார். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாக்காரர். இரண்டு நூற்றாண்டாகக் காட்டைக் கழித்து நட்ட இடத்தில் நின்றுகொண்டு "மேலே வகை குறைவு" என்று நான் எழுதினால், அது உயரம் செய்த வேலையா, மண்வெட்டி செய்த வேலையா? கீழே மட்டும் யோக்கியமா? சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் அமெரிக்காவிலிருந்து வந்தவை.

எஸ்டேட்டுக்குள் அங்கங்கே மிஞ்சியிருக்கும் சோலைத் துண்டில் ஒரு நாள் எண்ண வேண்டும்.

மார்ச் 5

இல்லை, காபித் தோட்டத்தை இவ்வளவு திட்ட வேண்டாம். பழைய நாட்டு மரங்களை நிழலுக்கு விட்டுவைத்த தோட்டத்தில் பறவை ஏராளம். வரிசை பிடித்த மாதிரி சில்வர் ஓக் மட்டும் நிற்கும் தோட்டத்தைத்தான் சொல்ல வந்தேன்.

மார்ச் 24

கோரிமேட்டுக்காரர் கேட்ட அசல் கேள்விக்கு இப்போதுதான் வந்து சேருகிறேன். மாடியிலிருந்து அவர் பார்த்தது பச்சையை இல்லை, தண்ணீரை.

கிறிஸ்டி மெக்கெய்ன் என்ற ஆய்வாளர் 2009இல் உலகத்து மலைப் பறவைகளை அலசி எழுதிய கட்டுரையின் சாரம் இது. அடிவாரத்திலேயே மழைக்காடு இருக்கும் ஈர மலைகளில் வகைகள் கீழேதான் அதிகம், ஏற ஏறக் குறையும். அடிவாரம் காய்ந்த மலைகளில் கீழே வெப்பம் இருக்கிறது, தண்ணீர் இல்லை. உச்சியில் தண்ணீர் இருக்கிறது, வெப்பம் இல்லை. இரண்டும் ஓரளவு கிடைப்பது நடுவில். அதனால் அங்கே மேடு.

நம் மலை இரண்டாம் ரகம். அடிவாரத்தில் கிணறு வறண்டு கிடக்கும் அதே நாளில் மேலே மூடுபனி. சேலத்தைவிட ஏற்காட்டில் மழை நன்றாகவே அதிகம். ஆனால் நம் உச்சியில் அப்படி ஒன்றும் உறைகிற குளிர் இல்லை. தொட்டபெட்டா 2,637 மீட்டர், நாம் அதைவிட ஆயிரம் மீட்டர் குட்டை. பெரிய மலையின் இடுப்புயரத்தில் நம் மலை முடிந்துபோகிறது. குறைகிற பாதி நமக்குக் கொடுத்துவைக்கவில்லை. பிப்ரவரி 18இல் மேலே கிட்டத்தட்ட நடு அளவுக்கே வந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

இன்னும் ஒன்று, நான் செய்த பெரிய முட்டாள்தனம். மரம், பறவை, ஓணான், பாசி எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் கொட்டினேன். பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு போக்கு. பல்லி, ஓணான் வகையறாவுக்கு வெயில் வேண்டும், கீழேதான் கொண்டாட்டம். விசிறித்தொண்டை ஓணான் முள்ளுக்காட்டை விட்டு மேலே வரவே இல்லை. பெரணிக்கும் பாசிக்கும் ஈரம் வேண்டும், அவை ஏற ஏறக் கூடுகின்றன. மரக்கிளையில் தொற்றி வாழும் ஆர்க்கிட்டுகளுக்கு மூடுபனியே சாப்பாடு. தாவரவியல் ஆய்வுத் துறை 1963இல் ஆர்க்கிட் தோட்டம் போட ஏற்காட்டைத் தேர்ந்தது சும்மா இல்லை.

"உயிரினம் கூடுமா குறையுமா" என்று மொத்தமாகக் கேட்பது, "சேலத்தில் விலைவாசி எப்படி" என்று கேட்கிற மாதிரி. மாம்பழமா, வெள்ளிக் கொலுசா, எதைக் கேட்கிறீர்கள்?

ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்து. கீழே வெயில் மண்டையைப் பிளக்கிறது. இன்றைக்கு எல்லாத் திசையிலிருந்தும் மேல்நோக்கி நகர்ந்த ஒரே இனம் மனிதன். வளைவுக்கு வளைவு குல்லாய்க் குரங்கு காத்திருக்கிறது, சிப்ஸ் பாக்கெட்டுக்காக. தயவுசெய்து போடாதீர்கள்.

எண்ணவில்லை. தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

மே 26

ரெண்டு நாள் கோடை மழை. சோலைத் துண்டில் எண்ணலாம் என்று போன இடத்தில் வேறு ஒன்று நடந்தது.

எஸ்டேட் ஓரத்தில் ஒரு அம்மா மிளகுக் கொடிக்கு மண் கொத்திக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார். "சார், இங்க வந்து பாருங்க. மண்ணுளி. இத லட்ச ரூவாய்க்கு வாங்குறாங்கன்னு எங்க ஊர்ப் பசங்க சொல்றாங்க, நெசமாங்க?"

பென்சில் தடிமன், ஒரு சாணுக்கு மேல். கருப்பு உடம்பில் மங்கலான மஞ்சள் கோடுகள், மழைத்தண்ணீர் பட்டதும் நீலமாக மினுங்கியது. தலை கூர்மை, கண் கடுகளவு. வாலைப் பார்த்ததும் குனிந்துவிட்டேன். யாரோ கத்தியால் சாய்வாகச் சீவிய மாதிரி, தட்டையாக, சொரசொரவென்று. அந்தச் சொரசொரப்பில் ஒரு பொட்டு ஈரமண் அப்பியிருந்தது. பின்னால் வருகிறவனுக்குக் கதவைச் சாத்துகிற மாதிரி அந்த மண் மூடியை வைத்து வளையை அடைத்துக்கொள்ளும்.

"மண்ணுளி இல்லைம்மா, இது வேற. அத வித்தாலும் ஜெயில், இத வித்தாலும் ஜெயில். லட்ச ரூவாயெல்லாம் ஏமாத்து" என்றேன். "கடிக்குமா?" "மண்புழுதான் தின்னும்." அவர் மண்வெட்டியாலேயே பக்குவமாக அள்ளி, பலாமரத்து அடியில் சருகுக்குள் விட்டார். அரை நிமிஷத்தில் மண்ணுக்குள் போய்விட்டது.

கவசவால் பாம்பு. இந்தக் குடும்பமே தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும்தான் உண்டு. அதில் சேர்வராயனுக்கென்றே ஒரு இனம் இருக்கிறது, 1863இல் பெடோம் என்ற ஆங்கிலேயர் விவரித்தது. பிறகு வேறொரு இனத்தோடு சேர்த்துவிட்டார்கள். 2014இல்தான் மறுபடி பிரித்துத் தனிப் பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள். நடுவில் இத்தனை காலம் அது பாட்டுக்கு மண்புழு தின்றுகொண்டிருந்தது.

நோட்டில் அன்றைக்கு ஒரே வரி.

மே 27

நேற்றிலிருந்து என் பக்கக் கணக்கு எனக்கே பிடிக்கவில்லை. கவசவாலும் ஒரு வரி, தவிட்டுக் குருவியும் ஒரு வரி. தவிட்டுக் குருவி கன்னியாகுமரியிலும் கத்தும். சேர்வராயன் கவசவாலுக்கு ஊர் இது ஒன்றுதான்.

சமவெளி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கிறது. நடந்தே போய்விடலாம். உச்சிகள் அப்படியில்லை. சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, போதமலை எல்லாம் வெயில் கடலில் தனித்தனித் தீவுகள். மண்ணுக்குள் ஊரும் ஒரு குட்டிப் பாம்பு சேலம் முள்ளுக்காட்டைத் தாண்டிக் கொல்லிமலைக்கு எப்படிப் போகும்? போகாது. அங்கங்கே தனியாகக் கிடந்து தனியாக மாறுகிறது. அதனால் மொத்த வகை குறைகிற உயரத்தில்கூட, வேறெங்கும் இல்லாதவற்றின் பங்கு கூடும். நான் மூன்று மாதமாக எத்தனை என்று எண்ணினேன். எவை என்று கேட்கவே இல்லை.

வெயில் கூடினால் மலை இனங்கள் மேலே நகரும் என்கிறார்கள். பெருவில் பாந்தியாகோயா என்று ஒரு மலைமுகடு, உச்சி 1,400 மீட்டரை ஒட்டி, கிட்டத்தட்ட நம் ஏற்காட்டு உயரம். அங்கே 1985இல் எண்ணிய பறவைகளை 2017இல் அதே தடத்தில் போய் மறுபடி எண்ணினார்கள். பெரும்பாலானவை மேலே நகர்ந்திருந்தன. ஏற்கெனவே உச்சியில் இருந்தவற்றில் சிலவற்றைக் காணவே இல்லை. 1,623க்கு மேலே நம் மலையில் என்ன இருக்கிறது? செல்போன் டவர்.

ஜூன் 2

இரண்டு திருத்தம், ஒன்று என்னுடையது, ஒன்று ஹும்போல்ட்டுடையது.

முதலில் பெரியவர். 2015இல் சிம்போராசோவில் அவர் அளந்த இடங்களை மறுபடி அளந்து, செடிகள் 500 மீட்டருக்கு மேல் ஏறிவிட்டன என்று எழுதினார்கள். 2019இல் வேறு சிலர் அவருடைய பழைய தாள்களைப் புரட்டிப் பார்த்தால், உயரத்துச் செடிகளில் நிறையவற்றை அவர் சேகரித்தது அந்திசானா என்ற வேறொரு மலையில். படத்தில் மட்டும் எல்லாம் சிம்போராசோமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. சரியான மலையில் அளந்தால் நகர்வு உண்டு, ஆனால் சொன்னதில் கிட்டத்தட்டப் பாதிதான். பிப்ரவரி 10இல் "சிம்போராசோ ஏறி" என்று நான் எடுத்துவிட்டதையும் இதோடு சேர்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

இப்போது என்னுடையது. கோயில் உயரம் பற்றி நக்கலடித்திருந்தேன் இல்லையா? கடைக்கு வந்த சர்வேயர் ஒருவரிடம் சொன்னபோது சிரித்துவிட்டார். "போன் காட்டுறது கடல் மட்டத்துலேர்ந்து இல்லைங்க. செயற்கைக்கோள், பூமிய ஒரு வழுவழு முட்டையா நெனச்சுக் கணக்குப் போடுது. சில ஆப் அத அப்படியே காட்டிரும். நம்ம பக்கம் நெசமான கடல் மட்டம் அந்த முட்டைக்கு ஒரு 90 மீட்டர் கீழ இருக்கு. அதனால போன்ல 90 கம்மியாத் தெரியும்."

1,530ஓடு 90ஐக் கூட்டுங்கள். கோயில்காரர்கள் சொன்னது சரி. ஏற்றிச் சொல்கிறார்கள் என்று எழுதியதற்கு மன்னிப்பு. ஆப்பைத் தூக்கிவிட்டேன்.

ஜூன் 9

கோரிமேட்டு நண்பர் எழுதியிருக்கிறார். மகள் இழை முழுக்கப் படித்துவிட்டு, "இப்ப எதை எழுதறது?" என்று கேட்டாளாம். ஒரு மார்க் என்றால் குறையும். ஐந்து மார்க் என்றால் மலையின் அடிவாரம் காய்ந்ததா ஈரமா, எந்த உயிரினம் என்று முதல் வரியிலேயே பிரித்துக்கொண்டு எழுதச் சொல்லுங்கள். விளக்குமாறு பரிசோதனை வேண்டாம், திருத்துகிறவர் பயந்துவிடுவார்.

மேலே எங்கெல்லாம் 300, 700, 1,400 என்று போன் கணக்கில் எழுதினேனோ, அங்கெல்லாம் 390, 790, 1,490 என்று வாசிக்கவும். சோலைத் துண்டு இன்னும் பாக்கி. அடுத்த ஞாயிறு குப்பனூர் வழியாக ஏறுகிறேன். வருகிறவர்கள் ஐந்தரைக்கே வந்துவிடுங்கள், இட்லியை மேலே போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம்.